வருகைப் பதிவேடும் அமாவாசையும்: மூன்று முறை எழுதிய ஒரு பரிந்துரைக் கடிதம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை பரிந்துரைக் கடிதங்களில் கையெழுத்திட்டேன் என்று எண்ணி வைக்கவில்லை. நானே எழுதியது எத்தனை என்று கேட்டால் ஒன்று என்று சொல்வேன். அந்த ஒன்றையும் மூன்று முறை எழுதினேன். அந்த மூன்று முறைகளைப் பற்றியது இந்த ஆய்வு. மாணவியின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவரை இன்னார் என்று கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாணவியின் ஊர் பாம்பன் பக்கம். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார், அம்மா கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. இளநிலையில் 38 பேர் கொண்ட வகுப்பில் ஒன்பதாவது இடம். மூன்றாம் பருவத்தில் துணைப்பாட வேதியியலில் ஓர் அரியர், அடுத்த பருவத்தில் தேர்ச்சி. விண்ணப்பித்தது ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் நல்கையுடன் கூடிய கடலியல் சார்ந்த முதுகலைப் படிப்புக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் தங்கிப் படிக்கும் படிப்பு அது. கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ வீதம் அதிகபட்சம் 24 மாதங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. உலகெங்கிலுமிருந்து போட்டியிடுவார்கள். மதிப்பெண் பட்டியலோடு ஆசிரியர்களின் கடிதங்களையும் உட்கார்ந்து படிப்பார்கள்.

நம் ஊரில் யாரும் அப்படிப் படிப்பதில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மருத்துவத்துக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழக முதுகலைக்கு நுழைவுத் தேர்வு என்று எல்லாமே எண்களால் ஓடுகிறது. ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்கு என்ன தெரியும் என்று எந்தக் கலந்தாய்வு மேசையும் கேட்டதில்லை. ஆசிரியரின் கருத்து என்று எழுத்தில் பதிவது மாற்றுச் சான்றிதழில் ஒரே ஒரு கட்டம்: 'நடத்தையும் பண்பும்'. அதில் எல்லோருக்கும் 'நன்று'. வகுப்பறைக் கண்ணாடியை உடைத்தவனுக்கும் நன்று, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கியவளுக்கும் நன்று. இப்படி எழுதிப் பழகிய கையிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டால் அது வேறு என்ன எழுதும்?

முதல் கடிதம்

முதல் கடிதம் ஐரோப்பாவுக்குப் போனதல்ல. மாணவி இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்தார். அதற்கு ஆசிரியர் ஒருவரின் கடிதம் வேண்டும். என் கணினியில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. பெயரை மட்டும் மாற்றினேன். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது:

"செல்வி இன்னார் எங்கள் கல்லூரியில் இளம் அறிவியல் தாவரவியல் பயில்கிறார் என்று சான்றளிக்கிறேன். இவர் கடின உழைப்பாளி, நேர்மையானவர், பணிவானவர், நேரம் தவறாதவர். இவருடைய நடத்தையும் பண்பும் நன்று. எதிர்கால முயற்சிகள் அனைத்திலும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்."

கீழே கையெழுத்து, ரப்பர் முத்திரை, தேதி. அச்செடுத்து மாணவியிடமே கொடுத்தேன். ஆய்வகத்து வாசலில் நின்று படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா?"

"நேரம் தவறாதவர் என்று போட்டிருக்கிறீர்கள், மேடம். நான் நேரத்துக்கு வந்ததே இல்லையே."

பாம்பன் பஸ் தாமதம், பாலத்தில் நெரிசல் என்று அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் எனக்கும் ஞாபகம் வந்தன. இருவருமே சிரித்தோம். கடிதம் அப்படியே போனது. நல்கை கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் கடிதம்தான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் சரிபார்க்கக்கூடியதாக இருந்தது ஒரே ஒரு கூற்று, அதுவும் பொய். இது ஓராண்டு கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது கடிதம்

மூன்றாம் ஆண்டில் ஐரோப்பியப் படிப்புக்கான இணைப்பு என் மின்னஞ்சலுக்கு வந்தது. கடிதத்தோடு கட்டங்களையும் நிரப்ப வேண்டும். அறிவுத்திறன், சுயமாகச் செயல்படும் திறன், எழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் நான் அறிந்த மாணவர்களுக்குள் இவர் எந்த அடுக்கில் வருகிறார் என்று குறிக்க வேண்டும். அமெரிக்க இளநிலைச் சேர்க்கைக்கான காமன் ஆப் படிவத்திலும் இதே போன்ற அட்டவணை உண்டு. அங்கே சராசரிக்குக் கீழே தொடங்கி, முதல் 10 சதவீதம், முதல் 5 சதவீதம் என்று ஏறி, உச்சியில் 'என் பணிக்காலத்தில் கண்ட மிகச் சிலரில் ஒருவர்' என்று முடியும்.

நான் எல்லாக் கட்டத்திலும் உச்சியைத் தொட்டேன். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. கடிதத்துக்கு இணையத்தில் பத்து மாதிரிகளைப் படித்து, 'உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்துக்கு இவர் ஒரு சொத்து' என்ற வரி வரைக்கும் வாங்கிப் போட்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. துறைத்தலைவரிடம் காட்டினேன். அவர் அதிகம் பேசமாட்டார்.

"பெயரை மட்டும் மாற்றினால் என் மகனுக்கும் கொடுக்கலாம். அவன் மெக்கானிக்கல் படிக்கிறான்" என்றார்.

அதோடு விடவில்லை. "ஒன்பதாம் ரேங்க், ஒரு அரியர். பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது. நீங்கள் எல்லாக் கட்டத்திலும் முதலிடம் போட்டால் அவர்கள் சந்தேகிக்கப் போவது அந்தப் பெண்ணை அல்ல, உங்களை."

கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் கடிதத்தை அனுப்பவில்லை. கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இப்போது பார்க்கையில், அந்த மூன்று வாரம் இருந்ததால்தான் மூன்றாவது கடிதம் பிறந்தது. பெரும்பாலான பிள்ளைகள் "நாளைக்குக் கடைசி, மேடம்" என்றுதான் வருகிறார்கள். அவர்களுக்கு முதல் கடிதத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்க வழியில்லை.

பதிவேடு

அரியரை விளக்கியாக வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் மூன்றாம் பருவத்து வருகைப் பதிவேட்டை எடுத்தேன். 90 வேலை நாட்களில் மாணவி 21 நாள் வரவில்லை. 75 சதவீத விதியை நூலிழையில் தாண்டியிருந்தார். பக்கத்தைப் புரட்டும்போது அந்த 'வ.இ.' (வருகை இல்லை) குறிகள் சிதறிக் கிடக்காமல் கொத்துக் கொத்தாக நின்றதைக் கவனித்தேன். நாலைந்து நாள், பிறகு பத்து நாள் இடைவெளி, மறுபடி நாலைந்து நாள். சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை இறக்கினேன்.

அமாவாசை. பௌர்ணமி. மறுபடி அமாவாசை.

பாசி எடுக்கும் பெண்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிராக இருக்காது. எங்கள் கரையில் ஏற்ற வற்றம் பெரிதல்ல, ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் மூழ்கிப் பாசி பறிப்பவருக்கு அந்த ஒன்றிரண்டு அடிதான் மூச்சு. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் நீர் நன்றாக வற்றும். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் போவது, அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு என்று பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் செருப்பும் கண்ணில் கண்ணாடியுமாக இறங்குவார்கள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்ற பாசி வகைகள் அகார் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்க மதுரைப் பக்கம் போகும். கட்டக்கோரை என்ற பாசி வேறு ஆலைக்கு. சின்னப்பாலத்துப் பாசிப் பெண்களின் தலைவி லட்சுமி மூர்த்தி இந்தக் கட்டுப்பாடுகளுக்காகவும் தொழில் உரிமைக்காகவும் உழைத்து, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015இல் வாங்க அமெரிக்கா வரை போய் வந்தார். என் வகுப்பிலேயே பலருக்கு அவரைத் தெரியும். அப்படியிருந்தும் வருகைப் பதிவேட்டில் சந்திரன் தெரிவான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கணக்குப் போட்டேன். 21 நாட்களில் 17 நாள் அந்த ஆறு நாள் வட்டங்களுக்குள் விழுந்தன. சும்மா விட்ட லீவாக இருந்தால் எட்டோ ஒன்பதோதான் அப்படி விழுந்திருக்கும். மீதி நாலில் மூன்று காய்ச்சல். ஒன்றுக்குக் காரணம் அவருக்கே நினைவில்லை.

மாணவியை வரச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அந்தப் பருவத்தில் அம்மாவுக்குப் பாறையில் கால் கிழிந்து, புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. கூட்டாளிப் பெண்களோடு மகள் போனார். வேதியியல் செய்முறைத் தேர்வும் ஓர் அமாவாசை வாரத்தில்தான் வந்தது.

"அப்போதே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் பாவம் பார்ப்பீர்கள், மேடம்."

பதில் சொல்லத் தெரியவில்லை. பேச்சை மாற்ற, மூன்றாம் ஆண்டுத் திட்டக்கட்டுரைக்கு வைத்திருந்த குறிப்பேட்டைக் கேட்டேன். கட்டுரையைத் திருத்தியவள் நான்தான், ஆனால் மூல நோட்டைப் பார்த்ததில்லை. மறுநாள் கொண்டுவந்தார். உப்பில் ஊறி விறைத்த, அட்டை கழன்ற பள்ளி நோட்டு. பதினொரு மாதக் குறிப்பு. ஒவ்வொரு முறையும் மூட்டை கரைக்கு வந்ததும் அதை இனம் பிரித்து எடை போட்டிருக்கிறார். பிறகு கஞ்சிப்பாசியில் கையை விட்டுப் பார்க்காமல் இருபது செடிகளை உருவி நீளம் அளந்திருக்கிறார். ஏன் பார்க்காமல் என்று கேட்டேன். "பார்த்து எடுத்தால் கை நீளமானதற்குத்தான் போகிறது, மேடம்." சமவாய்ப்பு மாதிரி எடுத்தல் என்று நான் பலகையில் எழுதிப் போட்டதை அவர் இப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்.

அந்த நோட்டில் என்னை நிறுத்திய பக்கம் வேறு. ஒரு தேதிக்குக் கீழே கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: 'இன்று அளக்கவில்லை. அம்மா கால்.'

நம் கல்லூரிகளின் ரெக்கார்டு நோட்டுகளை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவார், அதைப் பார்த்து அடுத்தவர். எல்லாச் சோதனையும் எல்லோருக்கும் ஒரே முடிவைத் தரும். காலிக் கட்டம் என்ற ஒன்றையே நான் கண்டதில்லை. இவரோ அளக்காத நாளை அளக்கவில்லை என்று எழுதி வைத்திருந்தார். வகுப்பில் வராமல் இருந்த நாட்களில் பெரும்பகுதி நோட்டில் எண்களாக உட்கார்ந்திருந்தது. என் பதிவேட்டின் ஓட்டைகளை அவருடைய நோட்டு அடைத்தது.

கீழக்கரையில் பார்த்த படிவம்

என்ன எழுதுவது என்பது கிடைத்துவிட்டது. எங்கே எழுதுவது என்பது தெரியவில்லை. கால் காயத்தை முதல் பத்தியில் போட்டால் கடிதம் கருணை மனுவாகிவிடும். கடைசியில் போட்டால் ஒட்டுப் போட்டதுபோல் தொங்கும். அந்த வாரம் கீழக்கரையில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். வளைகுடாவில் அப்பாக்கள் இருக்கும் ஊர் அது. பிரிட்டனுக்கு இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ தேறுவார்கள். அவர்களுக்காகத் தோழி யூகாஸ் படிவத்தில் கடிதம் எழுதுவார்.

பிரிட்டனில் ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களுக்குமான இளநிலை விண்ணப்பம் யூகாஸ் என்ற ஒரே வாசல் வழியாகப் போகிறது. 2024ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து ஆசிரியரின் கடிதத்தை அவர்கள் மூன்று பெட்டிகளாகப் பிரித்துவிட்டார்கள். முதல் பெட்டி பள்ளியைப் பற்றியது. எப்படிப்பட்ட பள்ளி, என்ன பாடத்திட்டம், எந்தச் சூழல் என்று எழுத வேண்டும். பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் வராது. இரண்டாவது, படிப்பைப் பாதித்த இக்கட்டு ஏதேனும் இருந்தால் அதற்கு. மூன்றாவதில்தான் இந்தப் பிள்ளைக்கென்று சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். மூன்றும் சேர்ந்து 4,000 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது, இடைவெளியும் கணக்கில் சேரும். உடல்நலம், குடும்பத் துயரம் போன்றவற்றை மாணவரின் ஒப்புதல் இல்லாமல் எழுதக்கூடாது. இதைத் தவிர, எழுதப்போகும் தேர்வில் பிள்ளை என்ன எடுப்பார் என்ற கணிப்பையும் ஆசிரியர் தர வேண்டும். தோழிக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். கூட்டிச் சொன்னால் பிறகு பிள்ளை விழும், குறைத்துச் சொன்னால் இடமே வராது.

என் விண்ணப்பம் யூகாஸ் வழியாகப் போவதல்ல, முதுகலைக்குப் பெட்டிகளும் இல்லை. ஆனால் அந்தப் பிரிப்பு என் சிக்கலை அவிழ்த்துவிட்டது. பாராட்டும் பரிதாபமும் ஒரே பத்தியில் இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். தனித்தனியாக வைத்தால் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம்.

முதல் பெட்டியின் அருமை எனக்குத் தெரிந்ததும் அங்கேதான். நம் மதிப்பெண்ணை வெளிநாட்டவர் எப்படிப் படிப்பார் என்று நான் யோசித்ததே இல்லை. எங்களுக்கு 40 தேர்ச்சி, 60 முதல் வகுப்பு. பிரிட்டனில் 70க்குத்தான் முதல் வகுப்பு. எங்கள் 68ஐ அங்கே ஒருவர் பார்த்தால் இரண்டாம் வகுப்பு என்று நினைக்கலாம். வேறொரு நாட்டில் சுமார் என்று நினைக்கலாம். வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் முதல் தலைமுறை, பாடம் எந்த மொழியில், ஆய்வகத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதையெல்லாம் எழுதினால் ஒன்பதாம் இடம் என்பது எதில் ஒன்பதாம் இடம் என்று புரியும்.

எழுதாமல் விட்டவை

மாணவியை உட்கார வைத்துக் கேட்டேன், எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று. அம்மாவின் காயத்தை எழுதலாம். தானே பாசிக்குப் போனதையும் எழுதலாம். இடத்தின் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

காரணத்தை அவர் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பதில் வனத்துறைக்கும் பாசிப் பெண்களுக்கும் நீண்ட காலமாக இழுபறி. கடிதம் போய்ச் சேருவது ஐரோப்பாவில் ஏதோ ஒரு மேசைக்கு என்றாலும் எழுத்து எழுத்துதான், ஒருநாள் யார் கையிலும் வரலாம். ஒரு பிள்ளையை மேலே அனுப்ப எழுதும் காகிதம் அவள் தாய்க்குத் தொல்லையாக முடியக்கூடாது. 'தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரையில் ஒரு கடலோரக் கிராமம்' என்று எழுதினேன். தென்கடலான மன்னார் வளைகுடாவா, வடகடலான பாக் விரிகுடாவா என்பதுகூட அதிலிருந்து தெரியாது.

இன்னொன்றையும் விட்டேன். 'பணிவானவர்', 'கடின உழைப்பாளி', 'எல்லோருடனும் அன்பாகப் பழகுபவர்'. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலைக்கு வந்த 300க்கும் மேற்பட்ட கடிதங்களை எடுத்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள் இரண்டு ஆய்வாளர்கள். பெண்களுக்கு எழுதியவை சராசரியாகச் சிறியவை, ஐயத்தைக் கிளப்பும் சொற்கள் கூடுதல், உழைப்பைப் புகழ்வது அதிகம் என்று கண்டார்கள். என் முதல் கடிதத்தை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆண் மாணவன் ஒருவனுக்கு முந்தைய ஆண்டு கொடுத்திருந்ததையும் பக்கத்தில் வைத்தேன். அவனுக்கு 'கூர்மையான அறிவு' என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையதுதான். அவனுடைய கூர்மைக்கு என்ன ஆதாரம் வைத்திருந்தேன் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது கடிதம்

ஒரு பக்கத்துக்குச் சற்றே கூடுதல். முதல் பத்தி கல்லூரி, மதிப்பெண் முறை, வகுப்பு. இரண்டாம் பத்தி நான்கே வாக்கியம்: மூன்றாம் பருவத்தில் தாய்க்கு நேர்ந்த காயம், அந்தக் குடும்பத்தின் பருவகால வருமானம், அதனால் வந்த வருகைக் குறைவு, அரியர் எழுதி 61 மதிப்பெண்ணில் தேறியது. 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல் இல்லை. இரக்கத்தைக் கேட்கும் எந்தச் சொல்லும் இல்லை.

மூன்றாவது, நீளமான பத்தியிலிருந்து சில வரிகளைத் தமிழில் தருகிறேன்:

"இவரைப் பாடத்திலும் செய்முறையிலும் மூன்று ஆண்டுகளாக நான் அறிவேன். வகுப்பில் முதல் ஐவரில் ஒருவர் அல்லர். எழுத்துத் தேர்வுகளில் இவரைவிட வேகமானவர்கள் உண்டு. ஆனால் பதினொரு மாதம் ஒரே முறையில் களத்தில் தரவு சேகரித்தவர் என் பணிக்காலத்தில் இவர் ஒருவர்தான். நான் மேற்பார்வையிட்ட மாணவர் நோட்டுகளில், அளக்காத நாளை வெற்றிடமாக விட்டுக் காரணம் எழுதியிருந்தது இவருடைய நோட்டு மட்டுமே. மாதிரி எடுப்பதில் தன் கைக்கே ஒரு சாய்வு உண்டு என்பதைத் தானே கண்டுபிடித்து அதைத் தடுத்தார். இனங்களை மண்டபத்தில் உள்ள கடற்பாசி ஆய்வாளர்களிடம் சரிபார்த்தார். இரண்டை அவர்கள் மாற்றிச் சொன்னபோது பழைய பக்கங்களையெல்லாம் திருத்தினார், பழைய பெயரை அழிக்காமல் கோடிட்டு."

ஆங்கிலத்தில் நூல் வாசிப்பு மெதுவானது, முதல் பருவத்தில் உதவி தேவைப்படலாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். இதற்குத் துறைத்தலைவரே தயங்கினார். இது இருந்தால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள் என்று இந்த முறை நான் அவருக்குச் சொன்னேன். கட்டங்களில் களப்பணிக்கும் தன்முனைப்புக்கும் மட்டும் உச்சி, மற்றவை ஓரிரு படி கீழே, எழுத்துக்கு 'நன்று'. வாழ்நாளில் முதல்முறையாக 'நன்று' என்று அர்த்தத்தோடு எழுதினேன்.

அனுப்புவதில்தான் கடைசிச் சிக்கல். நிறுவனத்தின் முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சல்தான் வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. எங்களில் பாதிப் பேருக்கு ஜிமெயில்தான். போலிக் கடிதங்கள் மலிந்த காலத்தில் அவர்கள் கேட்பதைத் தப்பு சொல்ல முடியாது. மதுரையில் காசு வாங்கிக்கொண்டு கடிதத்தையும் தயாரித்து, ஆசிரியர் பெயரில் மின்னஞ்சலும் திறந்து கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். முதல்வர் அலுவலக முகவரியிலிருந்து ஒரு வரி அனுப்பி, இன்னார் எங்கள் ஆசிரியர், இது அவருடைய தொலைபேசி எண் என்று உறுதிசெய்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள். இதற்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. எழுத்தரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அந்த வாரம் கல்வி உதவித்தொகைப் பட்டியல் வேறு.

கடிதத்தை மாணவிக்குக் காட்டவில்லை. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தன்னைப் பற்றிய கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை மாணவருக்குத் தருகிறது. விண்ணப்பிக்கும்போது அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று கேட்பார்கள், பெரும்பாலோர் விட்டுக்கொடுப்பார்கள். பார்க்காத கடிதம் என்றால் கூடுதல் நம்பிக்கை. இங்கும் இணைப்பு எனக்கு மட்டுமே வந்தது. ஆனால் இரண்டாம் பத்தியில் என்ன இருக்கிறது என்பதை வாய்மொழியாகச் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். அவருடைய அம்மாவும் ஒருநாள் மகளோடு வந்திருந்தார். விவரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கால் வெட்டுப்பட்டதைப் பெரிதாக எழுதிவிடாதீர்கள், டீச்சர். அது எல்லோருக்கும் படுவதுதான். இவள் எழுதி வைத்ததைச் சொல்லுங்கள்."

நான் மூன்று முறை எழுதிக் கண்டுபிடித்ததை அவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.

பிறகு

இடம் கிடைத்தது, நல்கை கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்து, கோடை முடியும்வரை நகரவில்லை. சொந்தச் செலவில் போவது என்பது அந்த வீட்டில் பேச்சுக்கே இடமில்லாத ஒன்று. மாணவி இப்போது ஒரு திட்டத்தில் களஉதவியாளராக இருக்கிறார், மாதச் சம்பளம் வருகிறது. அம்மாவின் கால் ஆறிவிட்டது. மறுபடி இறங்குகிறார்.

என் பக்கத்தில் மாறியது சின்ன விஷயம். கடிதம் கேட்டு வருபவரிடம் மூன்று வாரம் வேண்டும் என்கிறேன். மதிப்பெண் பட்டியலையும் விண்ணப்பக் கட்டுரையையும் கேட்கிறேன். அவர்களே எழுதிய, திருத்தாத ஒரு நோட்டையும் கேட்கிறேன். மூன்றாவதைக் கேட்டதும் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. ஒருவன் வேறு துறையில் கையெழுத்து வாங்கிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். கணினி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு இன்னொருவன் வந்தான், என் பழைய மாதிரியைவிட நன்றாகவே இருந்தது. அவனுடைய நோட்டைக் கேட்டேன். அடுத்த வாரம் என்றிருக்கிறான்.

போன மாதம் அந்த மாணவிக்காகப் புதிய இணைப்பு வந்தது. அதே படிப்பு, இரண்டாவது முயற்சி. பழைய கடிதத்தையே அனுப்ப மனமில்லை. ஓராண்டு வேலையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாதே. தொலைபேசியில் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை நோட்டோடு வரச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி.

"செவ்வாய் அமாவாசை, மேடம். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு போகிறேன். வியாழக்கிழமை வரட்டுமா?"

வியாழக்கிழமை என்று குறித்துக்கொண்டேன்.